பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது அறியாமைகள்

லிஃப்ட்காரரின் தொழில் உரிமம் அன்று மாலை ஐந்து மணிக்குக் காலாவதியாகிறது. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அவர் ஒரு திருகாணியைத் தொட்டாலும் குற்றம். அதனால் காலை ஒன்பது மணிக்கே ஆணையக் கட்டடத்தின் ஏழாவது மாடிக்கு வந்து, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் நானூற்றுப் பதினாறு பக்கங்கள். அத்தனையும் மூன்று வருடங்களாக அவர் கைபேசியில் தேடியவை. வரிக்கு ஒரு தேடல், தேதி, மணி, நிமிடம்.

பதினோரு கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு. உரிமம் போனால் பதினொன்றும் போகும். நாற்பத்து நாலு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையும் போன வாரம் தேடிப் பார்த்தார். நானூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.

ஆணையத்தின் முழுப்பெயர் தேடல் நெறிப்படுத்தல் ஆணையம். அதற்கு ஒரே ஒரு கொள்கைதான், வாசலில் பித்தளையில் அடித்து வைத்திருந்தார்கள்: ‘தேடுகிறவர் தெரியாதவர்.’ ஒரு மனிதர் எதையாவது தேடுகிறார் என்றால், அது தமக்குத் தெரியாது என்று தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுக்கிறார் என்று பொருள். அப்படி எழுதிக் கொடுத்தவரிடம் மின்கம்பியையோ குழாயையோ லிஃப்ட்டையோ எப்படி ஒப்படைப்பது? எனவே தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வருகிற எல்லாரும் தங்கள் தேடல்களை அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டுக் கொண்டுவர வேண்டும்.

கணினிக் காலத்தில் இந்தச் சட்டம் வந்திருந்தால் லிஃப்ட்காரர் தப்பித்திருப்பார். அப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் சட்டைப்பையிலிருக்கும் சிறு நோட்டில் குறித்துக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் கணினி மையத்துக்குப் போய், சட்டைக்கையை மடித்துவிட்டு, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார்: ‘லிஃப்ட் கதவு பாதியில் நின்றுவிடுவதற்கான காரணங்கள் யாவை?’ வாரத்துக்கு இரண்டு கேள்வி, மிஞ்சினால் மூன்று. பாதிச் சந்தேகங்கள் சனிக்கிழமைக்குள் தாமே தீர்ந்துபோகும்.

கைபேசி வந்ததும் நோட்டுப் போயிற்று, சனிக்கிழமை போயிற்று, ‘யாவை’யும் போயிற்று. ‘கதவு நிக்குது’ என்று அடித்தார். பிறகு ‘கதவு’ என்று மட்டும் அடித்தார். மிச்சத்தைப் போனே போட்டுக்கொண்டது. கையெல்லாம் கிரீஸ் என்றால் வாயால் சொன்னார். வரிசையில் நிற்கையில், பஸ்ஸில், பல் விளக்குகையில், மோட்டார் அறையில் குந்தியிருக்கையில் என்று தேடல் அதுபாட்டுக்கு நடந்தது. போதாததற்கு வீட்டில் மனைவியும் மகளும் அதே போனில்தான் தேடினார்கள். மகள் ஒரு நாள் அவருடைய தொழிலையும் நம்பரையும் அதே போன் வழியாக வரைபடத்தில் ஏற்றிவிட்டாள். ‘இனிமே உங்க நம்பரைச் சுவத்து விளம்பரத்துல தேட மாட்டாங்கப்பா, போன்லதான் தேடுவாங்க’ என்றாள். நிஜமாகவே அப்புறம் வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தாம்.

பெஞ்சுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வெள்ளைத்தாள் மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒருவரின் படம். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிற இன்னொரு மெக்கானிக். அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். தேடல் பதிவு கேட்டபோது ஒற்றை வெற்றுத் தாளை நீட்டினாராம். ஆணையத் தலைவர் எழுந்து நின்று கைகுலுக்கினாராம். அன்றிலிருந்து அவர் நிறைஞானி. ஊர் வைத்த பெயர் வெள்ளைத்தாள்.

பெஞ்சின் மறுகோடியில் பியூன் வந்து உட்கார்ந்தார். ஐம்பது தாண்டியவர். கையில் நாலைந்து துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றாகப் படித்து, தன் போனில் கட்டைவிரலால் தட்டி, வந்ததைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே எழுதுறீங்க?”

“உள்ளேயிருந்து வந்த சந்தேகம் தம்பி. தலைவருக்கு மூட்டு வலி, எந்தப் பக்கமா திரும்பிப் படுக்கணும்னு கேட்டிருக்கார். புள்ளிவிவர அம்மாவுக்குச் சராசரி எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு தெரியணுமாம்.”

“அவங்களே தேடிக்கலாமே?”

“தேடினா பதிவு கெட்டுப்போயிடும்ல? உள்ளே இருக்கிற மூணு பேருக்கும் பதிவு பளிங்கு மாதிரி இருக்கு. மொத்த ஆபீஸோட அறியாமையும் இதுக்குள்ளதான்.” போனை ஆட்டிக் காட்டினார். “ஆறு வருஷமா பதவி உயர்வுக்கு எழுதிப் போடுறேன். இவ்வளவு அறியாமை உள்ள ஆளை எப்படி உயர்த்துறதுன்னு திருப்பி அனுப்பிடுறாங்க. அந்தக் கடிதத்தை எந்தத் தோரணையில எழுதணும்னு தேடிக் குடுத்ததும் நான்தான்.”

நடைபாதையில் இரண்டு பேர் சிவப்பு விரிப்பை உருட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத் தலைமை ஆணையர் நேரில் வந்து, முப்பத்தோரு வருடம் ஒரு தேடலும் இல்லாமல் பணியாற்றிய தலைவருக்கு நிறைஞானப் பதக்கம் அணிவிக்கிறார் என்று பியூன் சொன்னார். “ஆணையருக்கு இதயத்துல கோளாறு. படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. அதனால லிஃப்ட்டைக் காலையிலயே மூணு தடவை துடைச்சாச்சு.”

லிஃப்ட்காரரின் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, கூப்பிட்டாங்களா?”

“இன்னும் இல்லை.”

“எதுத்து ஒரு வார்த்தை பேசிடாதீங்க. என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டுக் கையெழுத்தை வாங்கிட்டு வாங்க.”

“அது சரி. நூத்தி நாப்பதாம் பக்கத்துல என்ன தேடி வச்சிருக்கே?”

“குறட்டையா?”

“‘கணவர் குறட்டையை நிரந்தரமாக நிறுத்துவது எப்படி.’ நிரந்தரமான்னா?”

“உங்க பக்கத்துல ஒரு வாரம் படுத்துப் பாருங்க, அர்த்தம் தன்னால புரியும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு பத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை. நடுவில் தலைவர்; அவர் எப்போதும் மேடையில் நிற்பவர்போலவே பேசுவார். இடப்பக்கம் புள்ளிவிவர அம்மா, வலப்பக்கம் செயலர். மேசைமேல் மூன்று பேனாக்கள், ஒரு முத்திரை.

“கணினிக் காலத்தில் இவர் ஆண்டுக்குச் சுமார் நூற்றைம்பது முறை அறியாமையை வெளிப்படுத்தியிருக்கிறார்” என்று அம்மா படித்தார். “கைபேசி வந்தபின் மூன்றாண்டுகளில் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது முறை. இந்த வேகத்தில் போனால் இன்னும் ஏழாண்டுகளில் இவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது.”

“அப்போதும் இவ்வளவு சந்தேகம் இருந்ததுங்க” என்றார் லிஃப்ட்காரர். “கேக்கத்தான் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும். இப்ப போன் கையிலேயே இருக்கு.”

“அதாவது, கருவி கைக்கு வந்ததும் அடக்கம் போய்விட்டது.” செயலர் அதை எழுதிக்கொண்டார். பிறகு ஒரு பக்கத்தைப் புரட்டினார். “‘எலி.’ ஒரே சொல். எந்த எலி?”

“மோட்டார் ரூம்ல ஒயரைக் கடிச்ச எலிங்க.”

“அதைக் குறித்து என்ன கேள்வி?”

“முழுசா அடிக்க வேண்டாங்க. ரெண்டு எழுத்து போட்டா மிச்சத்தை அதுவே கேட்டுக்கும்.”

“கேள்வியையும் இயந்திரமே கேட்டுக்கொள்கிறது. சரி. ‘வடம் அறுந்தால் எத்தனை நொடி.’ இது யாரைக் கருதி?”

“யாரையும் இல்லைங்க. வேலை.”

“‘கணவர் குறட்டையை நிரந்தரமாக’... உங்களுக்குக் கணவர் உண்டா?”

லிஃப்ட்காரருக்குக் காது மடல் சூடாயிற்று. “வீட்டுக்காரி தேடினதுங்க.”

“போன் யாருடையது?”

“என்னோடது.”

“எனில் அறியாமையும் உங்களுடையதே” என்று செயலர் அடுத்த பக்கத்துக்குப் போனார். “ஒரே பிரேக் இடைவெளி அளவை நாற்பத்தோரு முறை தேடியிருக்கிறீர்கள்.”

இதற்கு லிஃப்ட்காரரிடம் பதில் இருந்தது. “அது எனக்கு மனப்பாடங்க. தெரிஞ்சாலும் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குவேன். மயிரிழை தப்பினாலும் உள்ளே இருக்கிறது உயிருங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பேனாவை எடுத்தார். “தெரியாததைத் தேடுவது அறியாமை. தெரிந்ததையே தேடுவதென்றால், தமக்குத் தெரியும் என்பதே தெரியாத நிலை. அதை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டும்.” கூட்டினார். “பதினோராயிரத்து அறுநூற்று எண்பத்தொன்று.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “நான் முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு கேள்விகூடக் கேட்டவனல்லன். ஐயம் எழுந்த இடங்களிலெல்லாம் ஐயத்தை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். நிர்வாகம் என்பது அதுதான். உங்கள் விஷயத்தில் முடிவை நான்கரை மணிக்கு அறிவிப்போம். அதுவரை நீங்கள் எந்த லிஃப்ட்டையும் தொடலாகாது. எதையும் தேடவும் கூடாது.”

செயலர் அந்தத் தடையைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, வாசல் காவலாளியிடம் ஒரு நகல் கொடுத்தார். மூவரும் கீழே சாப்பிடப் போனார்கள். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும் என்பதால் பியூன் படிக்கட்டில் இறங்கினார். லிஃப்ட்காரரும் கூடவே இறங்கினார்.

ஐந்தாவது மாடிப் படியில் கால் வைத்தபோது சுவருக்குள்ளே அந்தச் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் அப்படியே நின்றார். பிரேக் பிடித்தால் ‘டக்’கென்று கேட்கும். இது ஒரு இழுப்பு இழுத்து, அப்புறம் பிடித்த சத்தம்.

“அண்ணே, உள்ளே மாட்டிக்கிட்டாங்க.”

ஐந்தாம் மாடிக் கதவுக்குப் பின்னால் குரல்கள் கேட்டன. பெட்டி ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் நின்றிருந்தது. அதன் மேல்பாதி மட்டும் கதவுக்கு நேராக இருந்தது. தலைவரின் மேடைக் குரல் இப்போது இல்லை.

“யாராவது தேடிப் பாருங்களேன், இந்த மாதிரி நின்னா என்ன பண்ணணும்னு!”

“உங்க போன்லயே பாக்கலாமே சார்” என்றது செயலரின் குரல்.

“எனக்கு இன்னைக்குச் சாயங்காலம் பதக்கம்யா!”

“எனக்கு அடுத்த வருஷம் சார்.”

“என்னைப் பாக்காதீங்க” என்றார் அம்மா. “என் பதிவுல ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை.”

மூன்று பேரிடமும் மூன்று போன்கள். மூன்றும் சட்டைப்பையிலும் கைப்பையிலும் சும்மா இருந்தன. பிறகு தலைவர் கத்தினார்: “பியூன்!”

“ஐயா, வெளியதான் இருக்கேன்.”

“எழுதிக் குடுக்கிறேன், பாத்துச் சொல்லு.”

கதவிடுக்கு வழியாக ஒரு சீட்டு வெளியே வந்தது. ‘மூடிய அறையில் மூவருக்கு எத்தனை மணி நேரம் காற்று இருக்கும்?’ பியூன் தேடி, ‘லிஃப்ட்டில் காற்றுத் துளைகள் உண்டு, பயம் வேண்டாம்’ என்று எழுதி உள்ளே தள்ளினார். அடுத்த சீட்டு வேறு கையெழுத்தில் வந்தது. ‘பருமனானவர்கள் அதிகக் காற்றை இழுப்பார்களா?’ பியூன் லிஃப்ட்காரரைப் பார்த்தார். “செயலரோட கையெழுத்து தம்பி. தலைவர் பக்கத்துலயே நிக்கிறார்.”

காவலாளி கூப்பிட்டு வெள்ளைத்தாள் வந்தபோது மணி இரண்டு ஐந்து. நேராக மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனார். லிஃப்ட்காரர், பியூன், காவலாளி மூவரும் பின்னாலேயே ஏறினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் 37 என்ற எண் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“முப்பத்தேழு. கதவுப் பூட்டு” என்றார் வெள்ளைத்தாள், பெட்டியைச் சரியாகப் பார்க்காமலே. “பிரேக்கைக் கையால தூக்கிவிட்டா பெட்டி தன்னால கீழ இறங்கும். ரெண்டு நிமிஷ வேலை.”

“இறங்காதுங்க, ஏறும்” என்றார் லிஃப்ட்காரர். “எட்டுப் பேர் பெட்டியில மூணு பேர்தான் இருக்காங்க. வடத்தோட மறுமுனையில தொங்குற எதிர் எடைதான் கனம்.”

“ஏறினா ஏறட்டுமே. ஆறாவது மாடியில இறக்கிக்கலாம்.”

“அந்த முப்பத்தேழும் சந்தேகமா இருக்குங்க. பழைய கன்ட்ரோல் பெட்டியில அது கதவுப் பூட்டுதான். இது போன வருஷம் மாத்தின பெட்டி மாதிரி இருக்கு. இதுல அதே எண்ணுக்கு வேற அர்த்தம் இருக்கலாம். பாத்துட்டுத் தொடலாம்.”

“பாக்கணுமா?” வெள்ளைத்தாள் சிரித்தார். “இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பாத்துத்தான் தெரியணும்கிற நிலைமை எனக்கு வந்ததில்லை.” கை நெம்புகோலின் மேல் உட்கார்ந்தது.

லிஃப்ட்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். “உங்களுக்குத் தடை இருக்கு. என்கிட்டே நகல் இருக்கு.”

“அப்ப அவரைத் தடுங்க!”

“அவருக்குத் தடை இல்லையே.”

லிஃப்ட்காரர் வெள்ளைத்தாளிடம் இரு கையையும் கூப்பினார். “பத்து நிமிஷம் அதைத் தொடாம இருங்க. போய் உத்தரவு வாங்கிட்டு வந்துடுறேன். அப்புறம் நீங்க சொல்றதுதான்.”

“பத்து நிமிஷம்” என்றார் வெள்ளைத்தாள். கையை எடுக்கவில்லை.

லிஃப்ட்காரர் மூன்று மாடிகளையும் ஓடியே இறங்கினார். கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார். “சார், என் தடையை நீக்குங்க! மேல ஒருத்தர் தெரியாம பிரேக்கைத் தூக்கப் போறார்!”

உள்ளேயிருந்து செயலரின் குரல். “தடையை நீக்க ஆணையம் கூடணும். மூணு பேர் வேணும்.”

“மூணு பேர்தான சார் உள்ளே இருக்கீங்க?”

அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. ஐந்தாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே, இரண்டு பதினேழுக்கு, ஆணையத்தின் அவசரக் கூட்டம் தொடங்கியது. தலைவர் தலைமை ஏற்றார். செயலர் வரவேற்றார். முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படிக்க வேண்டும், ஆனால் அது மேலே இருக்கிறது என்று ஐந்து நிமிடம் போனது. லிஃப்ட்காரர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எதிர்க்கிறேன்” என்றார் புள்ளிவிவர அம்மா. “காலையில போட்ட தடையை மத்தியானம் எடுத்தா, காலையில தப்பாப் போட்டோம்னு ஆகும். அந்தப் பெயர் நமக்கு...”

பெட்டி கிரீச்சென்று ஒரு சாண் மேலே நகர்ந்து நின்றது. யாரும் பிரேக்கைத் தொடவில்லை, தானாகவே நகர்ந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சீட்டு வெளியே வந்தது: ‘இந்த ஒரு லிஃப்ட்டுக்கு மட்டும், நாற்பது நிமிடங்களுக்கு, தடை தளர்த்தப்படுகிறது. தேடலுக்கான தடை தொடரும். முத்திரை பின்னர்.’

லிஃப்ட்காரர் அதை வாயில் கவ்விக்கொண்டு படியேறினார். மோட்டார் அறைக்குள் நுழைந்தபோது வெள்ளைத்தாளின் கை நெம்புகோலை இறுக்கிப் பிடித்திருந்தது. “பத்து நிமிஷம் முடிஞ்சுபோச்சு” என்றார்.

“பெட்டி தானா மேல நகருது. பிரேக் சரியில்லை. ஒரு நிமிஷம், அந்த எண்ணைப் பாத்துக்கலாம்.” போனை எடுத்தார் லிஃப்ட்காரர். சீட்டின் நடு வரி கண்ணில் பட்டது. தேடலுக்கான தடை தொடரும். இப்போது தேடினால் நாலரை மணிக்குக் கையெழுத்து விழாது. பதினோரு கட்டடங்களும் போகும். போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

பியூன் தன் போனை எடுத்தார். “சொல்லு தம்பி, நான் தேடுறேன்.”

“அண்ணே, உங்களுக்கு...”

“எனக்கு ஏற்கெனவே ஆபீஸ் முழுக்க அறியாமை இருக்கு. ஒண்ணு கூடினா என்ன, வழிஞ்சா போயிடும்? என்ன அடிக்கணும்?”

“கன்ட்ரோல் பெட்டி ஓரத்துல பொறிச்சிருக்கு பாருங்க, அந்த எண். கூடவே முப்பத்தேழு. அவ்வளவுதான்.”

பியூனின் கட்டைவிரல் எட்டு முறை தட்டியது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வெள்ளைத்தாளின் முழங்கை மேலே எழத் தொடங்கியது.

“வந்துடுச்சு.” பியூன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “முப்பத்தேழு, பிரேக் பட்டை தேய்வு. எக்காரணம் கொண்டும் கையால் விடுவிக்கக் கூடாது. விடுவித்தால் மீண்டும் பிடிக்காது. முதலில் வடங்களைக் கவ்வியால் இறுக்கவும்.”

வெள்ளைத்தாள் அடுப்பைத் தொட்டவர்போல் கையை எடுத்துக்கொண்டு, அதே கையைத் தன் சட்டையில் துடைத்தார். லிஃப்ட்காரர் மின்சாரத்தை நிறுத்தி, பையிலிருந்து இரும்புக் கவ்வியை எடுத்து வடங்களில் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மூன்றாம் முறையும் இழுத்துப் பார்த்தார்.

கீழே வந்து முக்கோணச் சாவியால் ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து, சிறு ஏணியைப் பெட்டிக்குள் இறக்கினார். தலைவர் முதல் படியில் கால் வைத்து, அண்ணாந்து பார்த்து, “வரலாமா?” என்றார். முப்பத்தோரு வருடப் பணியில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

மூவரும் வெளியே வந்தபோது மணி மூன்று நாலு. அனுமதியில் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. “கவ்வியை யாரும் எடுக்காதீங்க” என்றார் லிஃப்ட்காரர். “பட்டையை மாத்தினாத்தான் ஓடும். புதுப் பட்டை என் வண்டிப் பெட்டியில இருக்கு. அரை மணி நேர வேலை.”

“முதலில் முடிவு, பிறகு பட்டை” என்றார் தலைவர். மேடைக் குரல் திரும்பிவிட்டிருந்தது.

நாலரைக்கு நீள மேசை மறுபடி கூடியது. புள்ளிவிவர அம்மா முகத்தில் மலர்ச்சி. “அனுமதி வழங்கிய நாற்பது நிமிடங்களில் இவருடைய போனில் தேடல் பூஜ்யம். இது திருந்துவதன் அறிகுறி.”

“மகிழ்ச்சி” என்றார் தலைவர். “கட்டுப்பாடு ஒரு மனிதனை எவ்வளவு விரைவில் அறிவாளியாக்குகிறது பாருங்கள். காலையில் பதினோராயிரம் அறியாமையோடு வந்தவர், மாலையில் ஒரு பெட்டியைத் தேடலின்றித் திறக்கிறார். உரிமத்தைப் புதுப்பிக்கலாம்.” பேனாவைத் திறந்தார். நுனி தாளைத் தொட்டது.

“இன்னொரு பொருள்” என்று செயலர் வேறொரு தாளை எடுத்தார். “நம் பியூன். இரண்டு முப்பத்தொன்றுக்கு, ஆணையமே உயிராபத்தில் இருந்த வேளையில், கைபேசியில் எண்களைத் தட்டி ஏதோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பதவி உயர்வு விண்ணப்பத்தை நிராகரித்துப் பணி இடைநீக்கம் செய்யப் பரிந்துரைக்கிறேன்.”

பியூன் கதவோரம் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையை ஆட்டிட்டு வாங்க என்று மனைவி சொன்னது லிஃப்ட்காரருக்கு நினைவு வந்தது. பேனா நுனியில் மை திரண்டு நின்றது. இன்னும் ஒரு நொடி பேசாமலிருந்தால் போதும். கழுத்து ஆடத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“சார், அந்தத் தேடல் என்னுதுங்க. நான் சொல்லித்தான் அவர் அடிச்சார்.”

பேனா எழுந்தது. “அப்படியானால் முப்பத்தேழு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.”

“தெரியலைங்க. தெரியலைன்னு தெரிஞ்சதாலதான் நீங்க மூணு பேரும் இங்க உக்காந்திருக்கீங்க.”

தலைவர் பேனாவை மூடினார். புதுப்பிப்பு மறுக்கப்பட்டது. பியூன் விஷயம் பதக்க விழாவுக்குப் பிறகு என்று ஒத்திவைக்கப்பட்டது. கோப்பு மூடப்பட்டு அப்போதே பதிவறைக்குப் போயிற்று. மூடிய கோப்பைத் திரும்ப எடுக்க மூன்று வேலை நாட்கள் ஆகும்.

லிஃப்ட்காரர் நானூற்றுப் பதினாறு பக்கங்களையும் கட்டித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கட்டடத்துக்கு வெளியே வந்து வண்டியருகே நின்றார். மணி நாலு ஐம்பத்தொன்று. வீட்டுக்குப் போன் செய்ய எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். என்னவென்று சொல்வது?

மேலே நடந்ததைப் பிற்பாடு பியூன் சொன்னார். தலைவர் வெள்ளைத்தாளைக் கூப்பிட்டு, ஐந்தரைக்குள் கவ்வியை எடுத்து லிஃப்ட்டை ஓடவிடச் சொன்னாராம். வெள்ளைத்தாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எனக்கு எல்லாம் தெரியும் சார், இந்தப் பட்டை மட்டும்...” என்று நிறுத்திக்கொண்டாராம். தலைவர் அவசரமாக ஒரு சீட்டு எழுதிப் பியூனிடம் நீட்டினாராம். பியூன் அதை வாங்காமல், “போன்ல சார்ஜ் இல்லைங்க ஐயா” என்றாராம். ஆறு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய். தலைவர் செயலரைப் பார்த்தார்; செயலர் கூரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அவர் கைப்பையை மூடினார். தலைவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, எல்லாருக்கும் முதுகு காட்டி, ‘லிஃப்’ என்று மட்டும் அடித்தார். மிச்சத்தைப் போனே போட்டுக்கொண்டது: லிஃப்ட் மெக்கானிக், அருகில், இப்போது.

வண்டியருகே போன் அடித்தது. புது நம்பர்.

“லிஃப்ட் வேலை பாக்கிறவங்களா?”

குரலை லிஃப்ட்காரர் உடனே கண்டுகொண்டார். “அஞ்சு மணி வரைக்கும் பாக்கிறேங்க.”

“நீங்கதானா? முப்பது மீட்டர் தூரத்துல ஒருத்தர் இருக்கார்னு காட்டிச்சு. நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது.”

“எம் பொண்ணு ஏத்தினதுங்க.”

“உடனே மேல வாங்க. தலைமை ஆணையர் கிளம்பிட்டார்.”

“அரை மணி நேர வேலை சார். உரிமம் ஏழு நிமிஷத்துல முடியுது. பட்டையைக் கழட்டிட்டு நடுவுல நிறுத்தினா உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் குற்றம்.”

“வாங்க, பேசிக்கலாம்.”

“ஏழு மாடி ஏறிப் பேசி முடிக்கிறதுக்குள்ள அஞ்சாயிடும். நீங்க இறங்கி வாங்க. உரிமப் புத்தகம் என் பையிலதான் இருக்கு. பேனாவும் முத்திரையும் எடுத்துக்குங்க.” சற்று நிறுத்தினார். “பியூன் அண்ணனோட விண்ணப்பத்தையும்.”

போன் கட்டாயிற்று. வருவாரா மாட்டாரா என்று தெரியவில்லை. நாலு ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. பிறகு படிக்கட்டில் உயரத்திலிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு மாடி இறங்கி நிற்கும், மூட்டு வலி. மறுபடி இறங்கும். கூடவே பியூனின் செருப்புச் சத்தம், நிதானமாக.

ஐம்பத்தெட்டுக்குத் தலைவர் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வண்டி இருக்கையையே மேசையாக்கி உரிமப் புத்தகத்தில் கையெழுத்திட்டார். பியூனின் விண்ணப்பத்திலும் இட்டார். இரண்டிலும் பியூன் முத்திரையை அழுத்தினார். தன்னுடையதில் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினார். மணி ஐந்தாயிற்று.

லிஃப்ட்காரர் வண்டிப் பெட்டியைத் திறந்து புதுப் பட்டையை எடுத்தார். போனில் பிரேக் இடைவெளி அளவை ஒரு முறை தேடிப் பார்த்துக்கொண்டார். அது நாற்பத்திரண்டாவது முறை. கிளம்பத் திரும்பியபோது தலைவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். பியூன் தள்ளிப் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டு, கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப நான் தேடினேன்ல... அந்த ஒண்ணை மட்டும் பதிவுலேர்ந்து அழிக்கிறது எப்படி?”

லிஃப்ட்காரர் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“தெரியலை சார். தேடித்தான் பாக்கணும்.”